நாற்பது நாற்காலிகளை விட்டுவிட்டுச் சலாலாவுக்கு

2009 ஆகஸ்டில் நாங்கள் சலாலா போனதற்கு ஊர் சுற்றும் ஆசை காரணமில்லை. என் கணவர் செல்வினுக்கு வேலை போய்விட்டது. கம்பெனி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்திருந்தது. அது முடிந்தால் விசா ரத்து, அப்புறம் ஊர். இத்தனை வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டுப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும் ஓமானைக்கூடப் பார்க்காமல் பாளையங்கோட்டைக்குத் திரும்பினால் என் தங்கைகள் சிரிப்பார்கள். அதைச் சொல்லித்தான் மனிதரை வண்டியில் ஏற்றினேன்.

உள்காரணம் வேறு. எங்கள் ஷார்ஜா வீட்டு ஹாலில் வெள்ளிதோறும் தமிழ் ஜெபக்கூட்டம் நடக்கும். அங்கே வார விடுமுறை வெள்ளி என்பதால் கிறிஸ்தவர்களுக்கும் அதுதான் ஞாயிறு. வேலை கிடைத்த அன்றே செல்வின் ஒரு பொருத்தனை பண்ணியிருந்தார்: இந்த மண்ணில் இருக்கும்வரை கூட்டத்தை விடமாட்டேன் என்று. காய்ச்சலிலும் விடவில்லை. லீவில் ஊருக்குப் போனால் வெளியிலிருந்து ஒரு போதகரை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பெட்டி கட்டுவார். இப்போது ஒரேயடியாகப் போகிறோம். கூட்டத்தை யாரிடம் கொடுப்பது?

ஞானராஜிடம் என்றேன் நான். ஏசி மெக்கானிக், சாத்தான்குளத்துக்காரர், நாற்பது வயது. சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருக்கும் பையன்களைத் தன் வேனில் கூட்டிவந்து, கூட்டம் முடிந்ததும் கொண்டுபோய் விடுகிறவர். செல்வின் உதட்டைப் பிதுக்கினார்.

"அவன் ஜெபம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும் கிருபா. நாலு பேர் முன்னால நின்னா வாய் வராது. அதுக்குக் கூட்டத்த மூடிரலாம்."

சுருக்கமான ஜெபம் ஒரு குறையா? இவருடைய முக்கால் மணி நேர ஜெபத்தில் முட்டி தேய்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் மூடிவிட்டால் அந்தக் கேம்ப் பையன்கள் எங்கே போவார்கள்? வாரம் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு, அந்த ஒரு காலையில்தான் அவர்களை யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒரு வெள்ளியாவது சாவியை ஞானராஜிடம் கொடுக்கவைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம். 'ரெண்டு பாட்டுப் பாடிட்டு அனுப்பிரு' என்று சொல்லி, அரைமனதாகச் சாவியை நீட்டினார் செல்வின்.

வியாழன் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். அல் அயின் தாண்டி எல்லை. ஓமான் விசாவுக்கு ஆளுக்கு ஆறு ரியால் கொடுத்ததாக நினைவு. வண்டிக்கு ஓமானில் செல்லும் இன்சூரன்ஸ் காகிதம் கட்டாயம், அதை மறந்து திரும்பிப் போனவர்களை அங்கேயே பார்த்தோம். அதன்பிறகு ஆதாம், ஹைமா என்று பாலைவனம்தான். மொத்தம் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் சொச்சம். ஹைமாவில் பிரியாணி சாப்பிட்டோம். அதைப் பற்றி எழுதினால் பாவம் அந்தக் கடைக்காரர்.

அந்த வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டே வரும்போதுதான் இஸ்ரவேல் ஜனங்கள் ஏன் அத்தனை முறுமுறுத்தார்கள் என்று எனக்குப் புரிந்தது. ஏசி காரில் பாட்டில் தண்ணீரோடு போகிற எனக்கே ஆறாவது மணி நேரத்தில் மோசேமேல் கோபம் வந்தது. அதைச் சொன்னேன். செல்வின் சிரித்தார். வேலை போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தும்ரைத் தாண்டி மலை இறங்கினால், அடேயப்பா! நம் குற்றாலச் சாரலேதான். பின்னால் நாற்பத்தைந்து டிகிரி வெயில், முன்னால் மூடுபனி, பச்சை, ரோட்டுக்குக் குறுக்கே ஒட்டகம். கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டிக்கொண்டே வந்தேன்.

சலாலாவில் காதர் பாய் வீட்டில் தங்கினோம். காயல்பட்டினத்துக்காரர். செல்வினும் அவரும் துபாய் தேராவில் ஒரே பேச்சிலர் ரூமில் இருந்தவர்கள். இப்போது இங்கே துணிக்கடை வைத்திருக்கிறார். "வாங்கோ தங்கச்சி, இவன வச்சிக்கிட்டு இவ்வளவு தூரம் எப்படி வந்தீங்கோ?" என்றுதான் வரவேற்பு.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு அவரே எங்களை நபி இம்ரான் அடக்கத்தலத்துக்குக் கூட்டிப்போனார். ஊருக்குள்ளேயே தோட்டம் சூழ்ந்த இடம், கட்டணம் இல்லை. உள்ளே பச்சைத் துணி போர்த்திய கல்லறை நீண்டுகொண்டே போகிறது, முப்பது மீட்டர் இருக்கும். இவர் மரியம் அம்மையின் தகப்பனார் என்று சிலரும், மூசா நபியின் தகப்பனார் என்று சிலரும் சொல்கிறார்களாம். மூசா என்றால் எங்கள் மோசே. எங்கள் வேதத்தில் அவருடைய தகப்பனார் அம்ராம்; மோசே, ஆரோன், மிரியாம் மூன்று பேரையும் பெற்றவர். யாராக இருந்தால் என்ன, செருப்பைக் கழற்றிவிட்டு, சர்ச்சில் போடுவதுபோலச் சேலை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன்.

செல்வின் கல்லறையைப் பார்க்கவே இல்லை. பத்து மணி, கூட்டம் தொடங்கும் நேரம். வெளியே தோட்டத்தில் நின்று ஞானராஜுக்குப் போன் மேல் போன். எடுக்கவில்லை. எங்கள் கட்டட வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வீடு பூட்டிக்கிடக்கிறது, யாரும் வரவில்லை என்றார் அவர். செல்வின் முகம் செத்துவிட்டது.

பதினொன்றே காலுக்கு ஞானராஜே கூப்பிட்டார். செல்வின் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. நம்ம கேம்ப் பையன் ஐசக்கோட அம்மா ராத்திரி தவறிட்டாவ. அவனுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்கல. ரூம விட்டு வரமாட்டேன்னுட்டான். அவன ஒத்தையில விட்டுட்டு நாம மட்டும் எப்படிண்ணே பாட? அதான் எல்லாரையும் அவன் ரூமுக்கே கூட்டிட்டுப் போயிட்டேன். கட்டில்ல, தரையில உக்காந்து மெதுவாப் பாடினோம். பிரசங்கம் ஒண்ணும் பண்ணல. அவனக் கஞ்சி குடிக்க வச்சிட்டு இப்பத்தான் வெளிய வாறேன்."

செல்வின் போனை வைத்தார். பிறகு வெடித்தார். "நாப்பது நாற்காலி துடைச்சுப் போட்டுட்டு வந்தேன். ஒரு வெள்ளிகூட அந்த ஹால் பூட்டிக் கிடந்ததில்ல. என் பொருத்தனை போச்சு!"

காதர் பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஏம்ப்பா, மூசா நபி நாப்பது வருஷம் கூடாரத்தத் தூக்கிக்கிட்டே நடந்தார்னு ரூம்ல ராத்திரியெல்லாம் எனக்குச் சொன்னது நீதானே? அந்த உடன்படிக்கைப் பெட்டிய எப்பவும் தூக்கறதுக்குத் தோதா தண்டக் கழட்டாமயே வச்சிருந்தாங்கன்னு? அவருக்கு ஷார்ஜாவுல ஹால் இருந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். செல்வின் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் இத்தீன் மலைக்கு ஏறினோம், ஊரிலிருந்து அரை மணி நேரம். மேலே நபி அய்யூப், எங்களுக்கு யோபு, அடங்கியதாகச் சொல்லும் இடம் இருக்கிறது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சாரலில் நனைந்துகொண்டே செல்வின் பேச ஆரம்பித்தார்.

"சாகப்போறோம்னு தெரிஞ்சதும் மோசே ஆண்டவர்ட்ட என்ன கேட்டான் தெரியுமா? நல்லாப் பேசறவன் வேணும்னு கேக்கல. ஜனங்களுக்கு முன்னால போறதுக்கும் வாறதுக்கும், அவங்களக் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வாறதுக்கும் ஒருத்தன் வேணும்னுதான் கேட்டான்." முகத்தில் வழிந்த சாரலைத் துடைத்துக்கொண்டார். "நான் இத்தன வருஷத்துல ஒருநாள் அந்தக் கேம்ப்புக்குள்ள போனதில்ல கிருபா. அவன் வாராவாரம் போய்ட்டு வாறான்."

"உடன்படிக்கைன்னா ரெண்டு பக்கம் இருக்குல்லங்க" என்றேன். "நீங்க கிளம்பிட்டா ஆண்டவர் பக்கமும் கிளம்பிருமா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் அப்படியெல்லாம் செய்கிற ஆளில்லை. மூடுபனிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: சாரல் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் பாதிவரை. ஹைமாவிலும் தும்ரைத்திலும் டேங்கை நிரப்பிவிடுங்கள், நடுவில் பங்க் வரும் என்று நம்பாதீர்கள். ஒட்டகத்துக்கு ஹார்ன் சத்தம் காதில் ஏறாது. அடக்கத்தலங்களுக்குக் காலையில் போங்கள், முக்காட்டுக்குத் துணி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு வெள்ளிக்கிழமையைச் சலாலாவில் கழியுங்கள்.

எங்கள் கடைசி வெள்ளியன்று ஹால் நிறைந்திருந்தது. கறுத்து மெலிந்த ஐசக்கும் வந்திருந்தான். கூட்டம் முடிகிற நேரத்தில் செல்வின் ஞானராஜை முன்னால் அழைத்து முழங்காலிடச் சொன்னார். யோசுவாவின்மேல் கை வை என்றுதான் ஆண்டவர் சொன்னார், மோசே இரண்டு கைகளையும் வைத்தான் என்பார் செல்வின், பிரசங்கத்தில் எத்தனையோ முறை. அன்று அவரும் ஞானராஜின் தலையில் இரண்டு கைகளையும் வைத்தார். நான் பழக்கதோஷத்தில் நீண்ட ஜெபத்துக்காக முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு மேல் செல்வினுக்கு வாய் வரவில்லை.