சரளைக்கல் காவல்

இங்கிலாந்தின் நார்விச்சில் முப்பது வருடமாக ஊரார் வீட்டு வாசல்களில் பட்டாணி அளவு சரளைக்கல் கொட்டிக் கொடுத்தவர் டெரிக். "திருடன் காலை வெச்சா நறநறன்னு காட்டிக்கொடுத்துடும்" என்பார். வீட்டிலுமா இந்தச் சத்தம் என்று சொந்த வாசலுக்கு மட்டும் சிமெண்ட்தான் போட்டிருந்தார். மனைவி பெரிலுக்கு மறதி நோய் முற்றி, சொல்லாமல் தெருவில் இறங்க ஆரம்பித்த பிறகுதான் அங்கும் இரண்டு அங்குலத்துக்குச் சரளை பரப்பினார். அவள் வெளியே போனால் காதில் விழுமே!

மறுநாள் பால் வாங்கிக்கொண்டு வந்து சரளையில் கால் வைத்தார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"பெரில், நான்தாம்மா. கதவைத் திற."

"ஓடிப் போயிடு! என் வீட்டுக்காரர் உள்ளதான் இருக்கார். சத்தம் கேட்டா உன்னைச் சும்மா விடமாட்டார்!" என்று அலறினாள் அவள்.

டெரிக் அசையவில்லை. அசைந்தால் சத்தம் கேட்கும்.