எந்தக் கடையிலும் வாங்கட்டும் என்றவர்

செவ்வாய்க்கிழமை காலை, தோட்டத்தில் திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து நடந்துகொண்டிருந்தபோது ஜெபமணி அண்ணாச்சியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மறுபடியும் பாட்டில் பேச்சுத்தான் என்று சலித்துக்கொண்டுதான் எடுத்தேன். "சொல்லுங்க அண்ணாச்சி, வேலையா இருக்கேன்" என்றேன். அந்தப் பக்கம் அவருடைய மனைவி. "தம்பி, அவுக போயிட்டாக. காலையில எந்திரிக்கவே இல்ல" என்றார். அப்படி ஒரு சலிப்போடு அந்தச் சாவுச் செய்தியைக் கேட்டோமே என்பது இன்னும் என்னை அறுக்கிறது.

தேனி பஜாரில் அவருடைய பழைய இரும்பு, பேப்பர், பாட்டில் கடையை அறியாதவர்கள் இதைப் படிப்பவர்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். ஞாயிறு காலை சர்ச், மற்ற நேரமெல்லாம் கடை. யாராவது எதையாவது குப்பை என்று சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "குப்பைன்னு எதுவும் கெடையாதுலே. எடுக்க ஆள் வராத சரக்கு, அம்புட்டுத்தான்" என்பார். பொறுமை என்பது அவருக்கு மருந்துக்கும் கிடையாது. டீ ஆறியிருந்தால் டீக்கடையில் சண்டை, பஸ் தாமதமானால் கண்டக்டரோடு சண்டை. அப்படிப்பட்டவர் கடைசிக் காலத்தில் அலுவலக வாசல்களில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தார் என்றால் அதற்குக் காரணம் பாண்டியம்மாளின் கால்.

பாண்டியம்மாள் என் தோட்டத்தில் வேலை செய்பவர். சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டி போகிற ரோட்டை ஒட்டிய தோட்டம் அது. பந்தல் நிழல் குளுமையாக இருக்கும் என்று குடிக்கிறவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். குடித்து முடித்ததும் பாட்டிலைக் கல்தூணில் அடித்து உடைப்பதில் அவர்களுக்கு என்ன சுகமோ. அப்படி உடைந்த ஒரு துண்டு பாண்டியம்மாளின் காலில் ஏறியது. சர்க்கரை உள்ள உடம்பு, புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த அண்ணாச்சி, கட்டுப்போட்ட காலைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "இது என்னாலதான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அந்த வருஷம்தான் அவர் கண்ணாடி பாட்டில் எடுப்பதை நிறுத்தியிருந்தார். லாரி வாடகைக்கே கட்டுபடியாகவில்லை. அவர் நிறுத்தியதும் பாட்டில் பொறுக்கும் பெண்களும் நிறுத்திவிட்டார்கள்.

"ஒங்களால எப்படி அண்ணாச்சி?" என்றேன்.

"நான் எடுத்திருந்தா அது அங்கன கெடந்திருக்காதுல்ல?"



அடுத்த கோடையில் மகளைப் பார்க்க ஜெர்மனி போனார். அங்கே அடித்த கூத்தை அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். மகள் வீட்டில் ஒரு பை நிறையக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களும் டின்களும் இருந்தன. கடையில் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது பிடித்துக்கொண்ட பணத்தைத் தந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு மகள் வேலைக்குப் போய்விட்டாள். நம் ஆள் சும்மா இருப்பாரா? தொழில் தெரிந்தவர். ஒட்டியிருந்த காகிதத்தையெல்லாம் உரித்து, ஒவ்வொன்றையும் காலால் மிதித்துச் சப்பையாக்கி, அழகாகக் கட்டி வைத்தார். நம் ஊரில் அப்படிக் கொண்டுவந்தால்தான் அவர் முகம் மலரும். சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே இருந்த மெஷின் ஒவ்வொன்றையும் வெளியே துப்பியது. அதற்குப் பாட்டில் முழுசாக இருக்க வேண்டும், அவர் உரித்துப் போட்ட காகிதத்தில் அச்சடித்திருந்த கோடுகளை அது படிக்க வேண்டும். "நாப்பது வருஷ சர்வீசுலே எனக்கு. ஒரு மெஷினு என் சரக்கை ரிஜெக்ட் பண்ணிருச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அவர் மனசில் தங்கியது வேறு. மறுநாள் வேறு முழுப் பாட்டில்களோடு போனபோது, இதை எந்தக் கடையில் வாங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை. பூங்காவில் சிலர் பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல் வெளியே நிறுத்தி வைத்துவிட்டுப் போனார்களாம், பொறுக்க வருகிறவர் உள்ளே கையை விட்டுத் துழாவக் கூடாதென்று. பையோடு வந்த ஒரு வயசாளியைப் பார்த்து இவர் கும்பிட்டிருக்கிறார். "நம்ம தொழில்காரருலே. பாஷைதான் வேற" என்றார் என்னிடம்.

பிறகு இங்கேயும் திட்டம் வந்தது. மது பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய். காலி பாட்டிலைக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். அண்ணாச்சி பஜாரில் பாதிப் பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பொறுக்கும் பெண்களை அவரே கூப்பிட்டுச் சொன்னார். அவர்களும் என் பந்தலடியில் ஒன்று விடாமல் பொறுக்கினார்கள். எச்சில் பாட்டிலை எப்படி நீட்டுவது என்று வாய்க்காலில் பளபளவென்று கழுவினார்கள். விற்ற கடை பாட்டிலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தண்ணீரோடு போயிற்று. ஸ்டிக்கர் இல்லையென்றால் பணம் இல்லை. தப்பித்த ஸ்டிக்கர்களிலும் பாதி வேறு கடைகளுடையவை.

அன்று மதுக்கடை முன்னால் நானும் நின்றிருந்தேன். "எங்கன வாங்குனதோ அங்கனதான் குடுக்கணும் பெரியவரே" என்றார் கடை ஊழியர்.

"இந்தப் பொம்பளைக ஒரு நாள் பொழப்பை விட்டுட்டுத் தேவாரம் ஊரு வரைக்கும் பஸ்ஸுல போகணுமாக்கும்?"

"என்னைய ஏன் வையிறீக? ரூலு நானா போட்டேன்? சரக்கு அடுக்கவே எடமில்ல, இதுல காலி பாட்டிலை எங்கன வைக்க?"

அந்த ஊழியர் சொன்னதிலும் தப்பில்லை. எரிச்சலே அதுதான். யாரிடம் போனாலும் அவரவர் அளவில் சரியாகத்தான் பேசினார்கள். அந்தப் பெண்கள் மறுவாரம் வரவில்லை. பாட்டில்கள் மறுபடியும் கல்தூணில் உடைந்தன. திரும்பி வரும்போது அண்ணாச்சி சொன்னார்: "அங்கன நசுக்குனேன், ஒத்துக்கல. இங்கன கழுவுனாக, ஒத்துக்கல. ஆனா அங்கன தப்பு என்னுது, மறுநாளே சரி பண்ணிட்டேன். இங்கன யாரு தப்புன்னே தெரியலையேலே."

அப்புறம்தான் மனுக்கள். தேடித் தேடிப் படித்து எழுதினார். நார்வேயில் பாட்டில் எவ்வளவு திரும்பி வருகிறதோ அதற்குத் தக்கபடி கம்பெனிக்கு வரி குறைகிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பலவற்றில் திட்டமே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருபது ரூபாய் வைத்து ஆரம்பித்திருக்கிறார்கள். முறை எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், எந்தக் கடையில் வாங்கியதானாலும் எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்தைக் கை காட்டினார்கள். நானும் இரண்டு தடவை கூடப் போனேன். மூன்றாவது தடவை தோட்ட வேலையைச் சொல்லி நழுவிவிட்டேன்.

போன வாரம் புது மனுவோடு தோட்டத்துக்கே வந்தார். "பாதிக்கப்பட்ட விவசாயின்னு நீ ஒரு கையெழுத்துப் போடுலே."

"கவாத்து முடியட்டும் அண்ணாச்சி. இதெல்லாம் நடக்கிற காரியமா?"

ஆறின டீக்குச் சண்டை போடுகிற மனுஷன் அன்று கோபப்படவில்லை. "சரி, முடிச்சுட்டுப் போடு" என்று மோட்டார் ரூமில் மனுவை வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மனுவைத்தான். அடக்கம் முடிந்து வந்ததும் கையெழுத்துப் போட்டேன். பாண்டியம்மாளும் வாங்கித் தன் பெயரை எழுதினார். மனுதாரர் என்ற இடத்தில் அண்ணாச்சியின் பெயரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும்போது கொண்டுபோகிறோம். மனுதாரர் எங்கே என்று கேட்பார்களே என்று எனக்குத்தான் யோசனை.

"கேக்கட்டும்" என்றார் பாண்டியம்மாள். "அவுக போயிட்டாக, இந்தக் காலு வந்திருக்கு, இதுக்குப் பதில் சொல்லுங்கன்னு நான் கேட்டுக்கிறேன்."