இடப்பக்கத்துப் பேனாக்கள்

செங்கல்பட்டில் மீன் விற்றுவிட்டு வந்த என் மருமகள் கூடையைக்கூட இறக்கவில்லை. “அத்த, நம்ம மிஷினம்மா பூட்டாங்களாம். மத்தியானம் சாப்ட்டுப் படுத்தவங்க எழுந்திரிக்கவே இல்லியாம்” என்றாள். சரோஜா அம்மா தூக்கத்தில் போய்விட்டார் என்று கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஓடி, பாயில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தி கற்பகத்தை உலுக்கி எழுப்பினேன்.

அவரிடம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு ஏன் என்று புரியும். செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய், தலையில் ஒயர் ஒட்டி மூளையின் ஓட்டத்தைப் பேனாக்கள் காகிதத்தில் கோடாக இழுக்கும் மிஷினில் வேலை பார்த்தவர் அவர்.

கற்பகம் வகுப்பில் முதல் பெண். நான் நின்றுபோன ஐந்தாவதை அவள் தாண்டப் போகிறாள். பகலில் ஒரு குறையும் இல்லை. தூங்கினால்தான் வாய் வலப்பக்கம் இழுக்கும், எச்சில் வழியும், பேச்சு வராது. மூச்சும் நின்றுவிடுமோ என்று நான் அவளை நிம்மதியாகத் தூங்கவிடுவதே இல்லை.

முதன்முதலில் அவரிடம் கொண்டுபோன அன்று, மிஷின் அறையிலும் அவள் கண் சொருகும்போதெல்லாம் தொடையைக் கிள்ளினேன்.

“இன்னாம்மா பண்ற?” என்று அதட்டினார் சரோஜா அம்மா. “நீ கிள்றது என் காயிதத்துல குதிக்குது! முழிச்சினு இருக்கசொல்ல ரெண்டு பக்கமும் நல்லாத்தான் கீது. தூங்கினாதான் எந்தப் பக்கம் கோளாறுன்னு தெரியும். கைய எடும்மா.”

“எழுந்திரிக்கலன்னா?”

“நான் எதுக்குக் குந்தினுகீறேன்? பேனாவப் பாரு, பொண்ணப் பாக்காத.”

பேனாக்கள் எல்லாம் நிதானமாக அலை போட்டுக்கொண்டு போயின. திடீரென்று இடப்பக்கத்துக்கான பேனாக்கள் மட்டும் துள்ளின. கற்பகத்தின் வாய் வலப்பக்கம் கோணியது. நான் கத்தப் போனேன். அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “வாய் வலது, வம்பு இடது. மூளை குறுக்காலதான் வேல செய்யும். அடங்கிடும், பாரு.” அடங்கியது. வளர வளர நின்றுவிடும் என்று டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார்.

பிறகு ஒருநாள் ரயிலில் பார்த்தபோது, “பேத்தி தூங்கறாளா?” என்று கேட்டார். “நல்லா தூங்கறா” என்றேன். கற்பகத்தின் கண்ணைப் பார்த்துச் சிரித்தார். “இது தூங்கின கண்ணா? புளுகுமூட்ட! தூக்கம் கெட்டாத்தாம்மா இந்த இழுப்பு ஜாஸ்தி வரும்.”

நேற்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மகாபலிபுரம் பஸ்ஸில் திரும்பினோம். கற்பகம் என் மடியில் சாய்ந்து கண்ணை மூடினாள். என் விரல்கள் தாமாகவே அவள் தொடைக்குப் போயின. தூங்கினால் ஒன்றும் ஆகாது என்று சொன்னவரே தூக்கத்தில் போய்விட்டாரே, இனி யார் சொல்லை நம்புவது?

“கைய எடும்மா.”

மிஷின் அறையில் கேட்ட அதே அதட்டல் காதில் விழுந்தது. சரோஜா அம்மா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான். ஊர் வரும்வரை பேத்தி தூங்கினாள். பயம் என்னை விடவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.