சருகு போட்டு மூடிய புற்று

அன்னக்கிளிக்கு ஐம்பத்திரண்டு வயது. கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். வாயைத் திறந்தால் ஊர்க்கதை முழுக்கக் கொட்டுவாள். ஆனால் காளான் முளைக்கிற இடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள், காதே கேட்காது. கட்டின புருஷனுக்கே இருபது வருஷம் சொல்லாதவள். மனுஷன் கேட்டுக் கேட்டு அலுத்துச் செத்தே போனார்.

தோட்டத்துக்கு மேலே, ஓடை தாண்டி ஒரு கறையான் புற்று. இடி இடித்து மழை பெய்த மூன்றாம் நாள், அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று மொட்டுவிட்டு நிற்கும். பறிப்பதற்கு அன்னக்கிளி சட்டம் வைத்திருந்தாள். இரும்பு படக்கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும். நாலைந்தை விரிய விட்டுவிட வேண்டும். பிடுங்கிய குழியைச் சருகு போட்டு மூடி, அது பறக்காமல் மேலே ஒரு கூழாங்கல்லும் வைக்க வேண்டும். அடுத்தவன் கண்ணுக்குத் தடம் தெரியக்கூடாதல்லவா!

இரண்டு வருஷத்துக்கு முன் கால் முறிந்து கிடந்தபோதுதான் ஒருத்தியிடம் வாய் திறந்தாள். அடுத்த வீட்டு ஓமனா. கூடவே பால் வெட்டுகிறவள். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் பக்கத்திலிருந்து மூத்திரம்கூட அள்ளியவள். அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? சருகு மூடுவது வரைக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஓமனா அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

"நீ இல்லாம அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன் ஏட்டி."

இந்த ஆனியில் அன்னக்கிளியின் மகள் ரேஷ்மிக்கு மூன்று மாசம், தலைப்பிள்ளை. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. "அம்மா, நம்ம புத்துக் கூணு கெடச்சா ஒரு வாய் சோறு எறங்கும் போல இருக்கு" என்று போனில் அழுதாள். காளானை அங்கே கூணு என்றுதான் சொல்வார்கள். ஓமனாவும் பக்கத்தில் இருந்துதான் கேட்டாள். "அடுத்த இடிக்குப் பறிச்சிரலாம் மக்கா, கண்ணீர் விட்டுக் கரையாத" என்று ஆறுதலும் சொன்னாள்.

இடி இடித்தது. மூன்றாம் நாள், மகள் வருகிற அன்று, பால் வெட்டி முடித்த கையோடு அன்னக்கிளி ஓடை தாண்டிப் போனாள். ஓமனா வேலைக்கு வரவில்லை; குவைத்திலிருந்து அவள் மருமகன் அனில்குமார் வந்திருந்தான்.

புற்றடியில் நாலே நாலு காளான், விரிந்து கிழிந்து நின்றன. மற்ற இடமெல்லாம் சருகு. சருகின் மேல் கூழாங்கல்.

வேற்றாள் என்றால் புற்றையே வெட்டிப் போட்டிருப்பான். அவன் ஏழு தலைமுறையையும் ஏசிவிட்டு அன்னக்கிளி இறங்கியிருப்பாள். இது ஒரு சட்டமும் தவறாமல் நடந்த களவு. "சதிச்சுட்டாளே பாவி!" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கேட்டிருந்தால் பாதி கொடுத்திருப்பாளே! மகள் அழுததைக் காதால் கேட்டுவிட்டும் போய்ப் பறித்திருக்கிறாளே, அதுதான் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஓமனாவின் அடுக்களையிலிருந்து தேங்காய் வறுத்தரைத்த மணம். கொஞ்ச நேரத்தில் அவளே கிண்ணத்தோடு வேலியருகே வந்தாள்.

"கூணு தீயல் ஏட்டி. மருமவன் பூதப்பாண்டிச் சந்தையில வாங்கினது. ரேஷ்மிக்குக் குடு."

"சந்தையில புத்துக் கூணு வருதா?"

"வருதாமே" என்றாள் ஓமனா, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

அதை அவள் மூஞ்சியிலேயே வீசலாம் போல இருந்தது அன்னக்கிளிக்கு. நான்தான் பறித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்ற இடத்திலேயே மன்னித்திருப்பாள். ஆனால் மகள் பஸ் ஏறிவிட்டாள். கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் ரேஷ்மி தீயலை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். குமட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள். விரலை நக்கியபடி தாயைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது நம்ம புத்துக் கூணுதானேம்மா?"

"இல்ல மக்கா" என்றாள் அன்னக்கிளி. "சந்தையில வாங்கினதாம்."