ம் கொட்டினால் சம்மதம்

ஆளைக் கேட்காமலே ஆள் சம்மதத்தை வாங்குவது ஒரு தொழில். பிளஸ் டூ லீவில் நானும் அதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பீர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

வேலை கிடைத்த விதம்

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குப் புது இடுப்புவலி மாத்திரை கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி. படிவம் வாசித்த டாக்டர், 'தன்னார்வப் பங்கேற்பாளராகிய தாங்கள்' என்று மூக்கால் இழுத்தார். ஒருத்திக்கும் விளங்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நானும் அதே மூக்கால் இழுக்க, கூட்டம் சிரித்தது. ஆராய்ச்சியை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் அண்ணாச்சி என் காதைப் பிடித்தார். அடி விழும் என்று பார்த்தால் வேலை விழுந்தது.

"அவளுவ குரல்லயே சொல்லுலே. அப்பத்தான் நம்புவாளுவ."

ம்

பீடி சுற்றும் பேச்சியக்காவிடம் அவள் மதினி பேசுவது மாதிரியே சொன்னேன். மாத்திரை புதுசு. ம். எல்லாருக்கும் ஒத்துக்கிடும்னு சொல்ல முடியாது. ம். வேண்டாமென்றால் எப்போதும் விலகலாம் என்ற இடத்துக்கு நான் வருமுன், சம்மதத்தைப் பதிவு செய்ய வைத்திருந்த ரெக்கார்டரை அண்ணாச்சி அணைத்துவிட்டார். அதான் சம்மதிச்சாச்சே என்றார். பேச்சியக்கா முழித்தாள்.

"கதை சொன்னா ம் கொட்டாண்டாமாலே?"

தலைசுற்றல்

மாத்திரை தின்ன ஆரம்பித்தபின் அவளுக்குத் தலை சுற்றியது. ஒருநாள் பீடித்தட்டோடு சரிந்தே விட்டாள். மாத்திரைய விட்டுக்கிடுதேன் என்று அண்ணாச்சியிடம் கேட்டாள். பாதியில் ஆள் குறைந்தால் ஆராய்ச்சி படுத்துவிடும் என்ற பயம் அவருக்கு. போகப் போகச் சரியாகும் என்று தடவிக்கொடுத்து அனுப்பினார். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"நீ சொல்லித்தான தின்னேன். நீயே சொல்லி நிப்பாட்டுலே."

கமிட்டி வந்த நாள்

இப்படி மருந்து தின்னுகிறவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்க ஒரு நெறிமுறைக் குழு உண்டு. அது வருகிறது, சம்மதப் பதிவைக் கேட்கும் என்றதும் அண்ணாச்சிக்கு வேர்த்தது. பதிவில் இருப்பது வெறும் ம். பேச்சியக்கா குரலில் 'முழுமனசோட சம்மதிக்கேன்' என்று பேசித் தரச் சொன்னார். சந்தோஷமாகப் பேசித் தந்தேன். அவசரத்தில் தான் கேட்டுப் பார்க்காமலே குழுவின் முன்னால் அவர் ஓடவிட்டபோது வந்தது இது: 'தல சுத்துது. நான் விலகிக்கிடுதேன்.'

இந்தப் பய மிமிக்ரி பண்ணுதான் என்று அண்ணாச்சி குதித்தார். குழுத் தலைவர் நியாயஸ்தர். அவளையே கேட்போம் என்று போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பேச்சியக்கா தன் சொந்தக் குரலில் அதையே சொன்னாள். தலைவர் என் பக்கம் திரும்பினார். என் வாய் நிறைய கமிட்டிக்கு வாங்கிய வடை.

"மறுபடியும் அவ குரல்ல ஆரம்பிச்சிட்டியா? வாய மூடுலே."

விலகுகிறேன் என்று கேட்காத என்னை அன்றைக்கே விலக்கினார்கள். கேட்ட பேச்சியக்கா தினமும் அண்ணாச்சி கண்ணெதிரே மாத்திரையை விழுங்கி, முழுமனதோடு பங்கேற்றுக்கொண்டிருக்கிறாள்.