அலமாரிக்குள் கேட்ட மூச்சு

"எங்கேடி ஒளிச்சு வெச்சே? சின்னவளுக்கு மூச்சு முட்டுதுடி!"

"அவங்க போகட்டும்மா, தர்றேன். பொம்மையைக் கட்டிக்கிட்டு இவ வந்து நின்னா, என்னை எவன் கட்டுவான்?"

கத்தியது அம்மா. பதில் சொன்னது கல்யாணத்துக்குக் காத்திருந்த பெரியவள். அதற்குள் பெண் பார்க்க வந்தவர்களின் கார் வாசலில் வந்து நின்றது. அம்மாவும் வாயை மூடிக்கொண்டாள்.

நம்பாதவர்கள் என் சமையலறைக்கு வந்து பாருங்கள். அவர்கள் வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். காது வைக்காமலே எல்லாம் கேட்கும். வைத்தால் இன்னும் நன்றாகவே கேட்கும். மிச்சத்தைப் பெரியவளே பிறகு என்னிடம் அழுதுகொண்டு சொன்னாள்.

அந்தப் பொம்மை மனநல மருத்துவர் கொடுத்தது. ரோபோ என்றார்கள். பார்த்தால், தலை வைக்க மறந்துபோன கொழுத்த பூனை. மெத்துமெத்தென்று இருக்கும். படபடப்பு வந்தால் சின்னவள் அதை மார்போடு அணைத்துக்கொள்வாள். அதுவும் அவளோடு சேர்ந்து வேகமாக மூச்சுவிடும். பிறகு மெல்ல மெல்லத் தான் நிதானமாகி, அவளையும் நிதானத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

அன்று அது பெரியவளின் அலமாரியில், போர்வைக்கு அடியில், பூட்டுக்குள் கிடந்தது. சின்னவள் பின்னறையில். முன்னறையில் ஒரே சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பியதும் பெரியவள் சாவியோடு ஓடினாள்.

சின்னவளுக்கு நெஞ்சு முன்பே பலவீனம்.

மூச்சு இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் போய்விட்ட ஒரு மத்தியானம். பெரியவள் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

புஸ்... புஸ்... புஸ்...

அலமாரிக்குள்ளிருந்து.

பேட்டரியில் மிச்சம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று திறக்காமலே விட்ட பூட்டைத் திறந்தாள். போர்வையை விலக்கினாள்.

பொம்மை இரண்டு பக்கமும் அமுங்கியிருந்தது.

மூச்சு மட்டும் வேகமாக... மிக வேகமாக...

"எடுத்துட்டேன்டி... இந்தா... மன்னிச்சுடுடி..."

புஸ். புஸ். புஸ்.

நிதானமாகவில்லை.

பொம்மையைத் திரும்ப வாங்கிப் போக மருத்துவரின் உதவியாளர் வந்தாள்.

"இதை எப்படிம்மா நிறுத்துறது?"

"நிறுத்தவே வேணாங்க்கா. கையை எடுத்தா தானா நின்னுடும். யாராவது கட்டிப்பிடிச்சாத்தான் அது மூச்சு விடும்."

பெரியவள் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடித் தானே வைத்துக்கொண்டாள்.

அதே மாப்பிள்ளைதான். கல்யாணம் முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை ஹாலில்தான் படுக்கிறாராம்.

கட்டிலில் மூன்று பேருக்கு இடம் போதவில்லையாம்.