பத்தடி முன்னால், பத்தடி பின்னால்

காலை ஏழு மணிக்கு வண்டியை ஸ்டார்ட் செய்வேன். என்ஜின் சூடானதும் முதல் கியரில் பத்தடி முன்னால் போவேன். அங்கே சுவர். ரிவர்ஸ் போட்டுப் பத்தடி பின்னால் வருவேன். அங்கே மாட்டுக்கொட்டகைத் தூண். இப்படி நாலைந்து தடவை போய் வந்து, என்ஜினை நிறுத்தி, பானட்டைத் துணியால் துடைத்துவிட்டு டீ குடிக்க வீட்டுக்குள் போவேன்.

"இன்னைக்கு எங்கன வரைக்கும் போயிட்டு வந்தீக?" என்று என் மனைவி கேட்பாள். சிரிக்காமல் கேட்பாள். அதுதான் எனக்கு எரிச்சல்.

மூன்று மாதம் நான் ஓட்டிய தூரம் அவ்வளவுதான். இரண்டு வருஷம் உழைத்து உயிர் கொடுத்த வண்டியை என் வீட்டுக் கொல்லையை விட்டு வெளியே எடுக்க முடியவில்லை. தப்பு வண்டியில் இல்லை, என்னிடம்தான்.

அது அப்பாவின் பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மிளகாய் வற்றலும் மல்லியும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போய்வந்த வண்டி. அப்பா ஓட்டியதைவிட என் அண்ணன் ஓட்டியதுதான் அதிகம். நான் மில்லில் ஃபிட்டர். ஷிப்டுக்குப் போகும்போது டவுன் வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனதோடு சரி.

அப்பா இறந்தபோது வண்டி ஓடாமல் நின்று பல வருஷம் ஆகியிருந்தது. சீட்டில் கோழி முட்டை இட்டுக்கொண்டிருந்தது. பாகம் பிரிக்க ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவனுக்கு மேற்கு, இளையவனுக்குக் கிழக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டுக்குத் தெரு மேற்கில் இருக்கிறது. ஆகவே தெருவாசல் அண்ணனுக்குப் போனது, எனக்குக் கொல்லைப்புறம். நான் தெருவுக்குப் போய்வர வடக்குப் பக்கமாக ஒரு முடுக்கு விடுவதென்று முடிவாயிற்று. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பேச்சு வண்டிக்கு வந்தது.

"துருப்பிடிச்சுப் போச்சு. காயலான் கடையில போட்டுட்டு ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிருவோம்" என்றார் அண்ணன்.

நியாயமான பேச்சு. எனக்கு ஏன் அப்படிப் பொத்துக்கொண்டு வந்தது என்று இன்று யோசித்தாலும் விளங்கவில்லை. "விட்டா அப்பாவயும் எடைக்குப் போட்டிருப்பீக" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டியவர் அண்ணன். நான் ஷிப்டு ஷிப்டு என்று ஓடிக்கொண்டிருந்தேன். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பெரியவர்களைப் பார்த்து, "வண்டிய அவனே வச்சுக்கிரட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது. நாலு வருஷம் ஆயிற்று.

மில்லில் ஆள் குறைத்து என்னை வீட்டுக்கு அனுப்பியபோது எனக்கு மிஞ்சியது அந்த வண்டிதான். அதை ஓட வைத்து லோடு அடித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினேன். மட்கார்டுகள் டிங்கரிங் வேலைக்கு அருப்புக்கோட்டை போயின. என்ஜினைப் பிரித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கியதில் வீட்டில் ஒரு வாரம் சண்டை. கியர்பாக்ஸையும் நானே திறந்து பேரிங் மாற்றி மூடினேன். பழைய இரும்புத் தொட்டி அப்பளமாகி இருந்தது, காலை வைத்தால் கால் கீழே போனது. அதை வெட்டி எறிந்தேன். அப்புறம் நெடுநாள் என் கொல்லையில் நின்றது வெறும் சேசிஸும் நாலு சக்கரமும் தகரக் கேபினும்தான். காலையிலும் மாலையிலும் அப்படியே பார்த்துப் பார்த்து, வண்டி என்றால் அவ்வளவுதான் என்று என் கண்ணுக்குப் பழகிப்போனது.

அந்த நேரத்தில்தான் அண்ணன் முடுக்கை ஒட்டி நடுச்சுவர் எடுத்தார். சுவரை ஒட்டி அவர் பக்கம் பாத்ரூம் வருவதாக ஏற்பாடு. கொத்தனார் என்னிடம் வந்து, "பெரியவுக முடுக்குக்கு அவுக பக்கத்துல இருந்து இன்னும் ஒரு அடி விட்டுத் தாரேங்கிறாக. தம்பிகிட்டக் கேட்டுக்கன்னு சொன்னாக" என்றார்.

"அவுக விட்டுத் தர வேணாம். ஒரு விரக்கடைகூட எனக்கு அதிகம் வேணாம்" என்றேன். "வண்டிய அள. வண்டி போற அளவுக்கு விடு, போதும்."

கொத்தனார் டேப்பை எடுத்து ஒரு சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து மறு சக்கரத்தின் வெளி விளிம்பு வரை அளந்தார். இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல் கூட்டிக்கொண்டார். ஐந்தரை அடி. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது வேறு யாரும் இல்லை, நான்தான். இருபது வருஷம் மில்லில் நூலிழை பிசகாமல் அளந்து வேலை பார்த்தவன். தொட்டி இல்லாத வண்டியை அளக்கிறோம் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

சுவர் எழுந்தது. அடுத்த தை மாதம் பந்தல்குடியிலிருந்து ஒரு ஆசாரி வந்து வாகைப் பலகையில் புதுத் தொட்டி கட்டினார். சக்கரத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் தள்ளி நிற்கும், ஆறடிக்கும் மேலே அகலம். கரும்பச்சைப் பெயிண்ட் அடித்து, ஓரத்தில் மஞ்சள் கோடு இழுத்து நிறுத்தியபோது எனக்கே கண் கலங்கியது. ஆசாரி தன் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு முடுக்கு வழியாக நடந்தவர் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இத எது வழியா வெளிய கொண்டு போவீக?"

அன்று சாயந்தரம்வரை நான் முடுக்கை அளந்துகொண்டே இருந்தேன். எத்தனை தடவை அளந்தாலும் ஐந்தரை அடிதான். வடக்கே பக்கத்து வீட்டுக்காரரின் வீட்டுச் சுவர். கிழக்கே ஓடையும் கருவேலங்காடும். இடித்தால் அண்ணனின் சுவரைத்தான் இடிக்க வேண்டும், அதோடு அவர் புதிதாகக் கட்டிய பாத்ரூமையும். சித்திரை முடிவதற்குள் வண்டியை எஃப்சிக்குக் கொண்டுபோய்க் காட்டித் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். விட்டால் பேப்பர் செத்துப்போகும். அதன் பிறகு அண்ணன் சொன்ன காயலான் கடைதான் வழி.

தேவைப்பட்டது ஒரே ஒரு பேச்சு. அண்ணே, தப்பா அளந்துட்டேன். அதைச் சொல்ல இருபது காலடி நடந்தால் போதும்.

"நான் போயி மதினிகிட்டச் சொல்லட்டுமா?" என்றாள் மனைவி.

"சொன்னயின்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

"எங்கன போவீக? வண்டியவே வெளிய எடுக்க முடியல."

அவள் சொன்னது சரிதான். நானும் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன். டீக்கடைப் பக்கம் போனால், "வண்டி எப்ப ரோட்டுக்கு வருது?" என்று கேட்டார்கள். முடுக்கில் போகும்போது அண்ணன் வீட்டு அடுப்படி ஜன்னலைத் தாண்ட வேண்டும். உள்ளே அவர் குரல் கேட்டால் நின்று, ஓய்ந்த பிறகு போவேன். என் வீட்டுக்குள் நான் திருடன் மாதிரி நடந்தேன். பங்குனி வெயில் கொல்லையில் இறங்கியதும் பெயிண்ட் வாசனை கிளம்பும். தொட்டியில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வெட்கம்தான் என்னை அடைத்துவைத்திருந்தது. சுவர் அதற்கு ஒரு சாக்கு.

சித்திரை பிறந்து இரண்டு வாரம் இருக்கும். வழக்கம்போல முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி ஓட்டிவிட்டு என்ஜினை நிறுத்தினேன். நிமிர்ந்தால் முடுக்கின் வாயில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு. என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார்.

"ரெண்டாவது கியரு நிக்குதா?" என்றார்.

நாலு வருஷம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"தெரியலண்ணே" என்றேன். "ரெண்டாவது போட இடமில்ல."

அவர் தலையை ஆட்டினார். "ஆமா. மூணு மாசமா கேக்குறேன். மொதக் கியரும் ரிவர்ஸுந்தான் கேக்குது."

தினமும் அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் செய்த கூத்தெல்லாம் அந்தப் பக்கம் ஒலியாகப் போயிருக்கிறது. எனக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஒளிய இடம் ஏது.

அவர் உள்ளே வந்து தொட்டியின் ஓரத்தில் கை வைத்தார். பிறகு முடுக்கைத் திரும்பிப் பார்த்தார். அளவு எதுவும் கேட்கவில்லை.

"செவுத்த வேணும்னா இடிச்சுக்க" என்றார்.

"வேணாம்ணே."

"அப்பத் தொட்டியக் கழத்து. வெறும் வண்டியா வெளிய எடுத்து, தெருவுல வச்சு மாட்டிக்கிருவோம்."

"மாட்டுனா திரும்ப உள்ள வராதே."

"எதுக்கு உள்ள வரணும்? என் வாசல்ல நிக்கட்டும்."

மறுநாள் காலையில் தெருவிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். பதினாறு போல்ட்டுகளையும் கழற்றினோம். வாசல் வழியாகக் கட்டிலைச் சாய்த்துக் கொண்டுபோவதுபோலத் தொட்டியை ஒருக்களித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் நான் கேபினில் ஏறினேன். இரண்டு பக்கமும் நாலு நாலு விரல் இடம் விட்டு வண்டி முடுக்கில் போனது. கொத்தனாரின் கணக்கு கொஞ்சமும் பிசகவில்லை. அண்ணன் முன்னால் பின்நடையாக நடந்துகொண்டே, "ஒடி, ஒடி, போதும், நேரா வா" என்று கையைக் காட்டினார். அடுப்படி ஜன்னலில் மதினி நின்று பார்த்தார்.

தெருவில் தொட்டியை மாட்ட இரண்டு ஆள் வேண்டும். மேலே ஒருவர் போல்ட்டின் தலையைப் பிடிக்க, கீழே ஒருவர் படுத்து நட்டை முடுக்க வேண்டும். நான் படுக்கப் போனேன். அதற்குள் அண்ணன் துண்டைத் தரையில் விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயது அவருக்கு. பதினாறு போல்ட்டுக்கும் "பிடி", "விடு" தவிர நாங்கள் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. எழுந்து வந்தபோது அவர் முதுகெல்லாம் தெருப்புழுதி. தட்டிவிடக் கை நீட்டினேன். பாதியில் மடக்கிக்கொண்டேன்.

எஃப்சிக்குப் போகும் அன்று மதினிதான் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் இடப்பக்கக் கதவு திறந்தது. அண்ணன் ஏறிக்கொண்டார். கூப்பிட நினைத்து, கூப்பிடத் தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

ஊரைத் தாண்டியதும் கண்மாய்க்கரை ஏற்றம். பரிசோதனைக்காகத் தொட்டியில் நாலு மூட்டை மணல் போட்டிருந்தேன். இரண்டாவது கியர் போட்டேன். பாதி ஏற்றத்தில் டக்கென்று நழுவி நியூட்ரலுக்கு வந்தது. நான் பேரிங் மாற்றி மூடிய பெட்டி அது. பிரேக்கை மிதித்து, மறுபடி முதலிலிருந்து ஏற்றி இரண்டாவது போட்டபோது அண்ணன் தன் வலது கையைக் கியர்த் தண்டின் குமிழில் வைத்துப் பின்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இது இப்பிடித்தான். அப்பா காலத்துலயே ஏத்தத்துல விட்டுரும்" என்றார். "இதத்தான் தெனமும் சொல்லணும்னு நெனச்சேன்."

அப்போது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே என்று. பரளச்சி விலக்கு போயிற்று, டவுன் வந்தது, எஃப்சி தேறியது, இரண்டு பேரும் ஆளுக்கொரு டீ குடித்தோம். நான் கேட்கவில்லை.

மணலை டவுனிலேயே கொட்டிவிட்டோம். திரும்பி வரும்போது வண்டி காலி. கண்மாய்க்கரை ஏறும்போது இரண்டாவது கியர் யாரும் பிடிக்காமலே நின்றிருக்கும், அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் கை அந்தக் குமிழில் இருந்தது. கரை ஏறி இறங்கினோம். இறக்கத்தில் மூன்றாவது போட வேண்டும். போட்டால் அவர் கையை எடுத்துவிடுவார். வீடு வரைக்கும் இரண்டாவதிலேயே வந்தேன். என்ஜின் கத்தியது. அவர் கையை எடுக்கவில்லை.